முதல் ஃபோன் கைக்கு வந்த முதல் வாரம்

பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் அம்மாவின் ஃபோனை வாங்கி வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு ஃபோனும் சொந்தப் பெயரில் ஒரு சிம்மும் கையில் வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் நாகர்கோவிலில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பு இல்லை, வரலாறு. இதில் இருப்பவை என் ஃபோனிலும் வீட்டார் ஃபோனிலும் நானே செய்து பார்த்தவை. ஒரு வாரம், தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கட்டிய கண்ணாடிப் பாலத்தை 2024 டிசம்பர் 30-ல் திறந்தார்கள் அல்லவா, அடுத்த சில வாரத்திலேயே நாங்கள் ஏழு பேர் கிளம்பிப் போனோம். காலுக்குக் கீழே அலை அடிப்பதை எல்லாரும் மாறி மாறி வீடியோ எடுத்தோம். வீட்டுக்கு வரும் முன்னே பஸ்ஸிலேயே உட்கார்ந்து அத்தனையையும் இன்ஸ்டாகிராமில் போட்டேன். என் கணக்கு அப்போது பப்ளிக். நான்கைந்து நாள் கழித்து, யாரென்றே தெரியாத ஒரு கணக்கிலிருந்து ஒரு மெசேஜ்: "இன்னைக்கு உங்க ஸ்டாப்புல பஸ் நிக்காம போயிட்டு போல?" அன்று காலை உண்மையாகவே பஸ் நிற்காமல் போயிருந்தது.

கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, மிரட்டல் இல்லை. உடனே பிளாக் செய்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஸ்டாப் எது என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் என் கணக்கை நானே ஒரு அந்நியர் மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். ஹைலைட்டில் ஒரு ஸ்டோரி: பஸ் ஜன்னலோரம் மழை, ஓரத்தில் மணி 8.10 என்று நானே ஒட்டிய ஸ்டிக்கர், எதிரே நின்ற பஸ்ஸின் கண்ணாடியில் எங்கள் பஸ்ஸின் ஊர்ப் பலகை இட வலம் மாறித் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வாசிக்கலாம். இன்னொன்று, கிறிஸ்துமஸுக்கு வீட்டு முற்றத்தில் கட்டிய குடில். குடிலுக்குப் பின்னால் எங்கள் காம்பவுண்டுச் சுவர், அதற்கு அப்பால் எதிர்வீட்டு பேக்கரியின் போர்டு, அதில் ஊர் பெயர். மூன்றாவது, கல்லூரி விழாவில் எடுத்தது, கழுத்தில் ஐடி கார்டு. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே ஒன்றுமில்லாத படங்கள். சேர்த்து வைத்தால் என் வீடு, என் பஸ், என் நேரம். சென்னை மாதிரி ஊரில் இது போதாமல் இருக்கலாம். நம் ஊரில் தாராளமாகப் போதும். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு கால்வாய்க்கரையோ ஒரு ரப்பர் தோட்டமோதான் இருக்கிறது. "நீ யாருக்க மவ?" என்பதுதான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிற பாட்டி கேட்கிற முதல் கேள்வி, பதில் சொன்னால் மூன்று தலைமுறையையும் அவரே சொல்லிவிடுவார்.

அதனால் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றுதான்: நம்மைப் பற்றிய தகவல் துண்டு துண்டாகக் கிடக்கிறது, பாதி நம் கையில், மீதி மற்றவர்கள் கையில். அந்தத் துண்டுகள் ஓரிடத்தில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: உங்களை நீங்களே தேடுங்கள்

கூட்டுக்காரி ஒருத்தியின் ஃபோனை வாங்குங்கள். உங்களைப் பின்தொடராத கணக்காக இருந்தால் நல்லது. அதில் உங்கள் பெயரையும் கல்லூரி பெயரையும் ஊர் பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டு கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் தேடிப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்து மறந்துபோன ஒரு கணக்கு, பள்ளி ஆண்டுவிழாப் படம், ஏதோ போட்டி முடிவுப் பட்டியல் என்று ஏதாவது அகப்படும். பழைய கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருந்தால் உள்ளே போய் அழித்துவிடுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் ஃபோன் நம்பரை வைத்து என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். யுபிஐ ஆப் எதிலாவது நம்பரை அடித்தாலே வங்கியில் இருக்கிற முழுப்பெயர் வந்து நிற்கும். ட்ரூகாலரில் அடித்தால், உங்களை யாரோ எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்களோ அந்தப் பெயர் வரலாம். என் தோழி ஒருத்திக்கு அவள் பெயரோடு அவள் அப்பாவின் கடைப் பெயரும் சேர்ந்து வந்தது, அவள் அந்த ஆப்பை ஒரு நாளும் வைத்திருந்ததில்லை. யாரோ தங்கள் தொடர்புப் பட்டியலைக் கொடுத்ததால் வந்தது அது. ட்ரூகாலரின் இணையதளத்திலேயே 'அன்லிஸ்ட்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் நம்பரை நீக்கச் சொல்லலாம். கணக்கு வைத்திருந்தால் முதலில் அதை முடக்கிவிட்டுச் செய்யுங்கள்.

நம்பர் என்பது இப்போது கிட்டத்தட்ட நம் இன்னொரு பெயர். கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டால் கொடுக்காமல் இருக்கலாம். "வேண்டாம் அண்ணா, பேப்பர் பில் போதும்" என்று நான் சொல்லிப் பழகிவிட்டேன், இதுவரை யாரும் பொருள் தர மறுத்ததில்லை.

இரண்டாம் நாள்: இன்ஸ்டாகிராம்

கணக்கை பிரைவேட் ஆக்குங்கள். இதை எல்லாரும் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் பிரைவேட் ஆக்கினாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். எனக்கு அப்போது தொள்ளாயிரத்துச் சொச்சம் ஃபாலோயர்ஸ். ஒவ்வொரு பெயராகப் பார்த்து, "இவரைத் தெருவில் பார்த்தால் நின்று பேசுவேனா?" என்று கேட்டுக்கொண்டே நீக்கினேன். இரண்டு மாலை ஆனது, கடைசியில் நூற்றுப் பத்துப் பேர் மிஞ்சினார்கள். நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்பு எதுவும் போகாது, அதனால் சங்கடப்படாதீர்கள்.

பிரைவேட் கணக்கிலும் பெயர், முகப்புப் படம், அதன் கீழே எழுதுகிற பயோ ஆகியவை எல்லார் கண்ணுக்கும் தெரியும். பயோவில் கல்லூரி, துறை, ஆண்டு, பிறந்த நாள், ஊர் என்று வரிசையாகப் போட்டுவைத்திருப்பதை நம் ஜூனியர்கள் பலரிடம் பார்க்கிறேன். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தெரிந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இன்னும் மூன்று மாற்றங்கள். யாராவது உங்களை டேக் செய்தால் நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி செட்டிங்ஸில் வைக்கலாம், வையுங்கள். தொடர்புப் பட்டியலைப் பதிவேற்றுகிற காண்டாக்ட் சிங்கை நிறுத்துங்கள். ஃபோனின் செட்டிங்ஸுக்குள் போய் இன்ஸ்டாகிராமுக்குக் கொடுத்த லொகேஷன் அனுமதியையும் எடுங்கள்.

அப்புறம் ஒரு பழக்கம். திற்பரப்பு அருவிக்குப் போனாலும் சரி, சங்குத்துறை கடற்கரைக்குப் போனாலும் சரி, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்றாலும் சரி, அங்கே நிற்கும்போதே போடாதீர்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ராத்திரியோ மறுநாளோ போடுங்கள். படம் அதேதான், லைக்கும் அதேதான் வரும். நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும் யாருக்கும் போகாது. வீட்டில் எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போகும்போது பாதி வழியில் போடுகிற ஸ்டேட்டஸுக்கும் இதே கதைதான், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

படம் போடும் முன் ஒரு நிமிடம் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம். பின்னால் இருக்கிற போர்டு, வண்டி நம்பர், கண்ணாடியில் விழுகிற பிம்பம், மேசையில் கிடக்கிற ஹால் டிக்கெட், இவற்றைப் பாருங்கள்.

மூன்றாம் நாள்: வாட்ஸாப்

நம் வீடுகளில் எல்லாமே இதில்தான் நடக்கிறது. துபாயில் இருக்கிற அப்பா பேசுவது, சர்ச் பங்குப் பேரவைக் குழு, கோயில் கொடை வரவு செலவு, மீன் வந்திருக்கிறது என்று சொல்கிற குழு, வகுப்புக் குழு. ஒரு குழுவில் சேர்ந்த உடனே அதில் இருக்கிற முந்நூறு பேருக்கும் உங்கள் நம்பர் போய்விடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

செட்டிங்ஸில் பிரைவசி என்ற இடத்துக்குப் போங்கள். லாஸ்ட் சீன், முகப்புப் படம், அபவுட், ஸ்டேட்டஸ் நான்கையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் குரூப்ஸ் என்று இருக்கும், அதையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்கினால் தெரியாத யாரும் உங்களைக் கண்ட கண்ட பங்குச்சந்தைக் குழுவில் இழுத்துப்போட முடியாது. தெரியாத நம்பரிலிருந்து வருகிற அழைப்பு மணியடிக்காமல் இருக்கவும் அங்கேயே வழி இருக்கிறது.

அடுத்து அக்கவுண்ட் என்ற இடத்தில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் ஒன்று வைக்கச் சொல்லும். பிறந்த தேதியை வைக்காதீர்கள். இது ஏன் முக்கியம் என்றால், வாட்ஸாப் கணக்குகளைப் பறிப்பதற்கு ரொம்பச் சாதாரணமான ஒரு வழி இருக்கிறது: உங்கள் தோழியின் கணக்கிலிருந்தே "மக்கா, தெரியாம உன் நம்பருக்கு ஒரு கோடு வந்துட்டு, கொஞ்சம் அனுப்பு" என்று மெசேஜ் வரும். அவள் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். நீங்கள் அனுப்புகிற அந்த ஆறு எண், உங்கள் வாட்ஸாப்பை இன்னொரு ஃபோனில் திறக்கிற சாவி. பின் வைத்திருந்தால் அந்தச் சாவி மட்டும் போதாது. எந்தக் கோடையும் யாருக்கும் சொல்லாதீர்கள், கேட்பது கூடப்பிறந்த அண்ணனாக இருந்தாலும் முதலில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஃபைல்களையும் பாருங்கள். படம் என்றால் கடைசியில் ஜேபிஜி என்றோ பிடிஎஃப் என்றோ இருக்கும். கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஒரு ஆப். போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, அரசு உதவித்தொகை என்ற பெயர்களிலும் இப்படி வருகின்றன. இன்ஸ்டால் செய்தால் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், ஓடிபி எல்லாம் அதன் வழியாகப் போய்விடும். வீட்டில் அம்மாவுக்கும் பாட்டாவுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள். நமக்குப் பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாது, கல்யாண வீடு என்றால் திறந்து பார்ப்பதுதான் அவர்களுக்கு மரியாதை.

நான்காம் நாள்: ஜெராக்ஸ் கடை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆன்லைன் பாதுகாப்பு பற்றிய வீடியோக்கள் எதிலும் இது வருவதில்லை.

ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் கடைசி நாள். நான் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்கு வாட்ஸாப்பில் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் அனுப்பிவிட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கடையில் இருந்த அக்கா வேறு வேலையாக இருந்ததால், "நீயே எடுத்துப் பிரிண்ட் குடு மக்களே" என்று மானிட்டரை என் பக்கம் திருப்பிவிட்டார். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்திருந்தது. மவுஸை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. ஆதார், ஆதார், பான் கார்டு, மார்க்‌ஷீட், யாரோ ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், மறுபடி ஆதார். எங்கள் துறையில் படிக்கிற இரண்டு பேரின் முகம் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தது. அந்த அக்கா கெட்டவர் இல்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை, அழிக்க நேரமில்லாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு மானிட்டரைத் திருப்பிக் காட்டிய மாதிரி அன்று எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்?

அனுப்பியவர்கள் தங்கள் ஃபோனில் அந்த மெசேஜை அழித்திருப்பார்கள், வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். வாட்ஸாப்பில் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் அரட்டையிலிருந்து போகும், அதுவும் அனுப்பிய சுமார் இரண்டரை நாளுக்குள் கொடுத்தால்தான். கம்ப்யூட்டரில் இறங்கிவிட்ட ஃபைல் அங்கேயேதான் இருக்கும்.

சரி, அதற்கு என்ன செய்யலாம்? நான் இப்போது செய்வது இது. ஒரு சின்னப் பென் டிரைவ் வாங்கி வைத்திருக்கிறேன். முடிந்தபோதெல்லாம் அதிலிருந்தே பிரிண்ட். வாட்ஸாப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பிரிண்ட் எடுத்த பிறகு, "அக்கா, டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் அழிச்சிருங்க, நான் நின்னுக்கிடுறேன்" என்று கேட்டு நிற்கிறேன். முதல் தடவை நாக்கு எழவில்லை. இப்போது அந்தக் கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்களும் கேட்கிறார்கள்.

ஆதார் நகல் கேட்டால் எல்லா இடத்திலும் முழு எண் கொடுக்க வேண்டும் என்றில்லை. மைஆதார் இணையதளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' என்று தேர்ந்தெடுத்து இறக்கினால் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். தங்கும் விடுதி, கூரியர் மாதிரி இடங்களுக்கு அதைக் கொடுங்கள். இறக்குகிற அந்த பிடிஎஃப் ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கும், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும். இதை வாசிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும், பயோவில் பெயரும் பிறந்த வருடமும் போட்டிருப்பவரின் ஆதார் ஃபைல் அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தால் அதற்குப் பூட்டு போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

கூடவே இன்னொரு வேலை. சஞ்சார் சாத்தி என்று தொலைத்தொடர்புத் துறையின் தளம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். ஃபோன் தொலைந்தால், ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ எண்ணை வைத்து அதை முடக்கக் கேட்பதும் அதே தளத்தில்தான். ஐஎம்இஐ எண்ணை இன்றைக்கே ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடித்துப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஃபோன் போன பிறகு அது கையில் இருக்காது.

ஐந்தாம் நாள்: பாஸ்வேர்டும் பழைய சிம்மும்

மின்னஞ்சலில் ஆரம்பியுங்கள். உங்கள் ஜிமெயில் ஒருவர் கையில் போனால் மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் அங்கிருந்தே மாற்றிவிடலாம். ஜிமெயிலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம், இரண்டிலும் பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், பாஸ்வேர்டு நினைவில் நிற்காது என்றால் வீட்டில் அலமாரியில் இருக்கிற நோட்டில் எழுதி வைப்பது தப்பே இல்லை. பழைய பாஸ்வேர்டு எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க 'ஹாவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் 2013-லிருந்து இருக்கிறது, மின்னஞ்சல் முகவரியைப் போட்டால் எந்தெந்தக் கசிவில் அது இருந்தது என்று சொல்லும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று சிம். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அல்லது கப்பலில் இருக்கிறார், அல்லது ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் வராமல் இருக்கிறார். போகும்போது ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். நம்பர் நிறுத்தப்பட்டு 90 நாள் கழிந்தால் அதே நம்பரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அந்த நம்பரில்தான் அண்ணனின் வங்கி, ஜிமெயில், ஃபேஸ்புக் எல்லாம் இருக்கும், ஓடிபி எல்லாம் யாரோ ஒரு புது ஆளுக்குப் போகும். ஊரிலிருந்து கிளம்பும் முன் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கணக்கிலும் நம்பரை மாற்றிவிட வேண்டும்.

ஆப்களின் அனுமதி பற்றிச் சுருக்கமாக: செட்டிங்ஸில் பிரைவசிக்குள் பர்மிஷன் மேனேஜர் இருக்கும், அதில் காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், மைக், லொகேஷன் நான்கையும் திறந்து பாருங்கள், டார்ச்சுக்கும் விளையாட்டுக்கும் இவை எதுவும் வேண்டாம். உடனடிக் கடன் ஆப்கள் பக்கமே போகாதீர்கள். கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது, ஆகவே அவற்றைக் கேட்கிற ஆப் எது என்றாலும் உடனே அழித்துவிடலாம்.

ஆறாம் நாள்: மற்றவர்கள் கையில் இருப்பவை

ஃபேஸ்புக்கில் ஒரு ஆளுமைத் தேர்வு ஆப் வழியாக எடுத்த பயனர்களின் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் 2018-ல் வெளியே வந்தபோது, இந்தியாவில் அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்தவர்கள் 335 பேர்தான் என்று ஃபேஸ்புக் சொன்னது. ஆனால் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். மீதிப் பேர் எல்லாம் அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்தவர்களின் நண்பர்கள். அவர்கள் எதையும் அழுத்தவில்லை, எதற்கும் சரி சொல்லவில்லை. இந்தக் கணக்கை வாசித்த அன்றுதான் எனக்கு ட்ரூகாலரில் வந்த தோழியின் பெயரும் நினைவுக்கு வந்தது.

அதனால் ஆறாம் நாள் உங்கள் செட்டிங்ஸை விட்டுவிட்டு, மற்றவர்கள் பற்றி நீங்கள் என்ன கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வகுப்புப் பிரதிநிதியாக இருந்தால் இது உங்களுக்குத்தான். கல்லூரியில் விவரம் கேட்டால் உடனே ஒரு கூகுள் ஷீட் போட்டு, லிங்க் இருக்கிற யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று வைத்து, வகுப்புக் குழுவில் விட்டுவிடுகிறோம். பெயர், நம்பர், வீட்டு முகவரி, அப்பா வேலை, ரத்த வகை என அறுபது பேருடையதும் அறுபது பேருக்கும் தெரியும், அவர்கள் யாருக்கு அனுப்புகிறார்களோ அவர்களுக்கும் தெரியும். ஷீட்டுக்குப் பதில் கூகுள் ஃபார்ம் போடுங்கள். ஒருவர் நிரப்புவது மற்றவருக்குத் தெரியாது, பதில்கள் உங்களிடம் மட்டும் வரும், கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்த பிறகு அழித்துவிடுங்கள்.

குழுப் படம் போடும் முன் படத்தில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். எங்களில் ஒருத்தி வீட்டில் சொல்லாமல்தான் அன்று பாலத்துக்கு வந்திருந்தாள். நான் போட்ட ரீல் அவள் மாமா ஃபோனுக்குப் போய், ஒரு மாதம் அவள் கல்லூரிக்கும் வீட்டுக்கும் தவிர எங்கும் போகவில்லை. அந்தத் துண்டை நான்தான் கொடுத்தேன்.

பெரியவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். என் சித்தி பாசக்காரி, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படம் எதுவானாலும் அன்றைக்கே ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார். தம்பி பள்ளி யூனிஃபார்மில் வேன் நம்பரோடு நிற்கிற படம் ஒன்றை வைத்திருந்தார். எடுக்கச் சொன்னேன்.

"அழகா இருக்கேண்ணுல்லா வச்சேன் மக்களே, இதுல என்ன மறைக்கதுக்கு இருக்கு? நாம என்ன களவாண்டோமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சட்டம் சொல்லலாமா என்று யோசித்தேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு வகுப்பில் படித்தது. எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. சித்தியிடம் அதைச் சொல்லவில்லை. எனக்கு வந்த அந்த பஸ் மெசேஜைக் காட்டினேன், அதுவரை வீட்டில் யாரிடமும் காட்டியிருக்கவில்லை. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தம்பியின் படத்தைத் தானே எடுத்துவிட்டு, ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கலாம் என்று வைப்பது எங்கே என்று கேட்டார். அவர் ஃபோனில் நானூற்றி இருபது நம்பர் இருந்தது, காஸ் கொண்டுவருகிறவர், எலக்ட்ரீஷியன், ஒரு தடவை மட்டும் பேசிய கல்யாணத் தரகர் வரை. 'ஒன்லி ஷேர் வித்' என்பதில் இருபத்தி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

அப்புறமும் ஏதாவது நடந்துவிட்டால்

இதையெல்லாம் செய்தும் நடக்கலாம். போலிக் கணக்கு, முகத்தை ஒட்டி மாற்றிய படம், பணம் கேட்டு மிரட்டல். அந்த நேரத்தில் கை நடுங்கும், எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று தோன்றும். அழிக்காதீர்கள். மெசேஜ், அந்தக் கணக்கின் பெயர், அதன் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். பணம் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும், சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மற்றப் புகார்களுக்கு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அதில் கொடுக்கலாம். நேரில் போவதென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. யாராவது வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்றால், அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது, வைத்துவிடுங்கள்.

அந்தரங்கப் படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால், 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது, 18-க்குள் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்வரிசை உருவாகி அது மட்டும்தான் போகும், அதில் சேர்ந்திருக்கிற நிறுவனங்கள் அதை வைத்து அந்தப் படம் தங்கள் தளத்தில் ஏறாமல் தடுக்கும். ஏற்கெனவே ஏறிவிட்டதா, அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் குறித்த நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த ஐடி விதிகள் சொல்கின்றன, அந்த நேரம் முதலில் 24 மணியாக இருந்தது, 2026-ல் இரண்டு மணியாகக் குறைத்தார்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். குற்றம் செய்தவர் அவர், நீங்கள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். வீட்டில் சொன்னால் ஃபோனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், வரன் பார்க்க ஆரம்பிப்பார்கள் என்ற பயம். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

அதனால் கடைசி வேலை ஃபோனுக்கு வெளியே இருக்கிறது. ஏதும் நடக்கும் முன்னே, இன்றைக்கே, வீட்டிலோ சொந்தத்திலோ ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். "எனக்கு இப்படி ஏதாவது வந்தா உங்ககிட்ட சொல்லுவேன், சொல்லும்போது திட்டாம முதல்ல கேக்கணும்" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அம்மாவாக இருக்கலாம், அண்ணனாக, மைனியாக, டீச்சராக இருக்கலாம். நான் சித்தியிடம்தான் சொன்னேன், அந்த ஸ்டேட்டஸ் சரி செய்த அன்றே.

"எந்த ராத்திரிண்ணாலும் கூப்பிடு" என்றார். பிறகு 1930-ஐத் தன் ஃபோனிலும் சேமிக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"பேரு என்னாண்ணு போட?"

"சைபர்ண்ணு போடுங்க சித்தி."